பச்சை சூப்

பாபியக் வீட்டு கராஜ் விற்பனையில்
செருப்புப் பெட்டி ஒன்று, ஆறு டாலர்.
உள்ளே என் கைமுட்டி அளவு எஞ்சின்.
பொம்மை விமானத்துக்கானது.
இறக்கை இல்லை, வால் இல்லை, விமானமே இல்லை.
தண்டைத் திருகினேன். அசையவில்லை.
யாரோ பறக்கவிட்ட ஏதோ ஒரு கோடையின்
விளக்கெண்ணெய்
எரிந்து, கறுத்து, அரக்காகி
பிஸ்டனைக் கட்டிப் பிடித்திருந்தது.

யார்க்டனில் ஜனவரி.
மைனஸ் முப்பத்தேழு.
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை
இரவெல்லாம் பிளக்கில் செருகி வைத்தால்தான்
காலையில் இருமவாவது செய்யும்.
பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடுமுறை.
எனக்கு இந்தக் கறுப்பு.

முதலில் வினிகர்.
கரி அதைக் குளிக்கும் தண்ணீர் என்று நினைத்தது.
அப்புறம் ஓவன் கழுவும் நுரை.
பத்து வருஷக் கொழுப்பை
பத்து நிமிஷத்தில் தின்கிறதே,
இது எம்மாத்திரம் என்று
பின்மூடியில் மட்டும் அடித்துப் பார்த்தேன்.
சீறியது.
கரி போயிற்று,
கூடவே அலுமினியமும் போயிற்று.
துடைத்துப் பார்த்தால்
சாம்பல் பூத்த முகம், அம்மைத் தழும்புகள்.
டப்பாவைத் திருப்பினேன்.
அலுமினியத்தில் படக்கூடாது என்று
எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.
படித்துப் பார்த்துவிட்டுச் செய்கிறவளாக இருந்தால்
நான் லோர்னைக் கட்டியிருக்க மாட்டேன்.

மிச்சத்தைக் காப்பாற்ற
பழைய சாமான் கடையில்
நாலு டாலருக்கு ஒரு ஸ்லோ குக்கர்.
ரப்பர் வளையங்களைக் கழற்றினேன்.
காருக்கு ஊற்றும் கூலன்ட்டில்
எஞ்சினை இறக்கி,
உதிரித் திருகாணிகளையும் போட்டு,
குறைந்த சூட்டில் ராத்திரி முழுக்க.
துணி துவைக்கும் அறை,
ஜன்னல் இரண்டு விரல் திறப்பு.
அந்தத் திரவம் இனிக்குமாம்,
நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.
நாயை மாடிக்கு விரட்டி
நடுக்கதவைச் சாத்தினேன்.
நாயைப் பற்றி யோசித்தேன்.
புருஷனைப் பற்றி யோசிக்கவில்லை.

காலை ஆறேகால்.
கனோலா ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
பின்வாசல் வழியே,
அதாவது துவைக்கும் அறை வழியே,
புருவமெல்லாம் பனியோடு வந்திருக்கிறான்.
தூக்கத்தில் எனக்குக் கேட்டது
மூடி திறக்கிற ஓசை.
அப்புறம் கரண்டி.

புளிச்சகீரை சூப்
நான் அவனுக்குக் கடைசியாக வைத்தது
அவன் அம்மா செத்த வருஷம்.
பச்சை நிறம், ஆவி, மங்கல் விளக்கு.
பெண்டாட்டி மனசு மாறிவிட்டாள் என்று
மனுஷன் நம்பிவிட்டான்.

படியில் நான் இறங்கவில்லை, விழுந்தேன்.
கத்தியது என் குரல்தானா என்று
எனக்கே சந்தேகம்.
உதட்டுக்கு ஓர் அங்குலம் கீழே
கரண்டி நின்றது.
அதற்குள் கறுப்பாய் ஏதோ கிடப்பதை உற்றுப் பார்த்து
"கிராம்பா?" என்றான்.

திருகாணி.

மூன்று தடவை கொப்பளிக்க வைத்தேன்.
படவே இல்லை என்று சத்தியம் செய்தான்,
விஷ உதவி எண்ணில் பேசிய பெண்ணிடமும்
அதையே சொன்னான்.
"நல்ல வாசனை, அவ்வளவுதான்" என்று
தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டான்.
போனை வைத்ததும்
இருவரும் வாஷிங் மெஷின் மேல் சாய்ந்து
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு
எஞ்சினை வாளிக்கு மாற்றினேன்.
வெந்நீரும் அவனுடைய பழைய டூத்பிரஷும்.
வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி
அரக்கு உரிந்து வந்தது.
"தா" என்று வாங்கிக்கொண்டான்.
தூங்கப் போக வேண்டியவன்
எண்ணெய் விட்டு விட்டு
தண்டை முன்னும் பின்னும் அசைத்தபடி
ஏழரை மணிவரை உட்கார்ந்திருந்தான்.
ஒரு தடவை முழுசாகச் சுற்றியது.
ப்ளக்.
பாட்டிலில் தக்கை பிடுங்கிய சத்தம்.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
மறுபடி சுற்றினான்.
ப்ளக்.

புதுப் பின்மூடி பதினெட்டு டாலராம்,
எஞ்சினைப்போல் மூன்று மடங்கு.
இன்னும் வாங்கவில்லை.
குக்கர் மூடியில் தடித்த மார்க்கரில்
"சூப் இல்லை" என்று எழுதி
கராஜின் மேல்தட்டில் ஏற்றிவிட்டான்.

சனிக்கிழமை
ஃப்ரீஸரின் அடியிலிருந்து கீரையைத் தோண்டியெடுத்து
அடுப்பில், நல்ல பாத்திரத்தில்,
முட்டை அரிந்து போட்டு வைத்தேன்.
கிண்ணத்தைக் கிட்டே இழுத்தான்.
கரண்டியால் அடிவரை துழாவினான்.
கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி
"நீ முதலில்" என்றான்.